மூன்று பெல்ட்டுகளும் நான்காவது கடிதமும்

மூன்றாவது பெல்ட்டும் வந்து சேர்ந்தது.

வெள்ளிமலையில் கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டியை இருசம்மாள் மெஷின் கொட்டகையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே கறுப்பு ரப்பர் பெல்ட் சுருண்டு கிடந்தது. பெட்டியை மூடினாள். மறுபடி திறந்தால் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல் இன்னொரு முறை திறந்து பார்த்தாள். பெல்ட்தான்.

அவர்களுடைய குழுவின் மெஷினுக்குப் பெல்ட் தேவையில்லை. மாட்டியிருக்கிற பெல்ட் ஒரு நூல்கூடப் பிரியாமல் நன்றாக இருந்தது. கோயம்புத்தூர் கம்பெனிக்கு அவள் எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றிலும் பெல்ட் கேட்கவில்லை. கேட்டது மெக்கானிக்கை. ஆகஸ்டில் எழுதினாள், பத்தாம் நாள் பெல்ட் வந்தது. செப்டம்பரில் எழுதினாள், பெல்ட் வந்தது. அக்டோபரில் எழுதியதற்கு இதோ இது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு இருந்தது. ‘தங்கள் கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி’ என்று அதில் அச்சடித்திருந்தது.

இருசம்மாள் ஆலத்திப்பட்டு மகளிர் சிறுதானியக் குழுவின் செயலாளர். முப்பத்தொரு பேர் கொண்ட அந்தக் குழுவுக்குச் சாமையை உமி நீக்கும் மெஷின் ஒன்று போன வருடம் கிடைத்தது. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. மேலே உள்ள தொட்டியில் சாமையைக் கொட்டினால் அது ஒரு சக்கரத்தின் நடுவில் போய் விழும். சக்கரம் வேகமாகச் சுழன்று மணிகளைச் சுற்றியுள்ள ரப்பர் சுவரின் மேல் வீசும். மோதுகிற வேகத்தில் உமி உடைந்து கழன்றுவிடும், அரிசி முழுதாகத் தப்பிக்கும். பிறகு ஒரு காற்றாடி உமியை வெளியே ஊதிவிடும். அந்தச் சக்கரம் ஆடாமல் சுற்றினால்தான் இதெல்லாம் நடக்கும். ஆடி மாதத்தில் அது ஆட ஆரம்பித்தது. அதனால் சில மணிகள் மெதுவாகவும் சில மணிகள் கண்டபடி வேகமாகவும் மோதின. மெதுவாக மோதியது உமியோடு வந்தது. வேகமாக மோதியது உடைந்து நொய்யாக வந்தது.

சக்கரத்தின் மூடியைத் திறந்து பார்க்கக் கச்சிராயபாளையத்தில் ஆள் இருந்தார். ஆனால் மூடியின் மேல் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது. அதை வேறு யாராவது கிழித்தால் உத்தரவாதம் செல்லாது. உத்தரவாதமோ நவம்பர் முப்பதோடு முடிகிறது. சாமை அறுவடை தொடங்கிவிட்டது. முப்பதாம் தேதிக்குள் கம்பெனி ஆள் வராவிட்டால், முப்பத்தொரு வீட்டிலும் பெண்கள் பழையபடி உரலில் குத்த வேண்டியதுதான்.

போன் செய்யாமல் இல்லை. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று மூன்று தடவை பேசினாள். மறுமுனையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் புகாருக்குப் பாகம் அனுப்பிவிட்டோம், புகார் முடிந்துவிட்டது என்றாள். முடியவில்லையே என்றதற்கு, உத்தரவாதப் புகார் என்றால் குழு முத்திரையோடு புதுக் கடிதம் வர வேண்டும் என்றாள். ஆகவே மறுபடியும் கடிதம்.

அந்தக் கடிதங்கள் அலட்சியமாக எழுதியவை அல்ல. அதுதான் இருசம்மாளை அதிகம் உறுத்தியது. ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் நோட்டில் எழுதி, குழுக் கூட்டத்தில் உரக்கப் படிப்பாள். முப்பத்தொரு பேரும் கேட்பார்கள். ஒருத்தி ஒரு வரி சேர்க்கச் சொல்வாள், இன்னொருத்தி ஒரு சொல்லை மாற்றச் சொல்வாள். பிறகு பிழை பார்ப்பார்கள். மூன்று கடிதத்திலும் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, நன்றி, இப்படிக்கு என்று எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

குழுத் தலைவி சின்னப்பொண்ணு புதுப் பெல்ட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு கடுதாசி போடு இருசா. பெல்ட்டு கடையே வெச்சிரலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இந்த முறையும் பெல்ட் வந்தால் செயலாளர் வேலையையும் குழு முத்திரையையும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்றாள். அப்படியெல்லாம் சொல்லாதே என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கையெழுத்து புரியாமல் இருக்கலாம், டவுனில் டைப் அடித்து அனுப்பிப் பார் என்று மட்டும் சின்னப்பொண்ணு சொன்னாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருசம்மாள் மலை இறங்கினாள். கையில் நாலாவது கடிதம், பழைய மூன்று கடிதங்களின் நகல், ஒரு பை நிறைய நொய்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷைனியின் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஷைனிக்கும் இருசம்மாள் வயதுதான் இருக்கும். குழுவின் தீர்மானங்களை அவள்தான் டைப் அடித்துத் தருவாள். நொய்யைக் கண்டதும் கஞ்சிக்கு ஆயிற்று என்று வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். திரையைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே அடித்தாள். இரண்டரைப் பக்கம் வந்தது. அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டு மின்சாரக் கட்டண ரசீதுக்கு நகல் எடுக்கப் போனாள்.

அந்த ரசீதுக்காகக் காத்திருந்தவர் தீனதயாளன். பக்கத்துத் தெருவில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கை சும்மா இருக்காத ஆள். மேசைமேல் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

“பெல்ட்டுக்கா கோயம்புத்தூருக்கு எழுதறீங்க? இன்னா சைஸ் சொல்லுங்க, நம்ம கடைல இருக்குது.”

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். “யாரு பெல்ட்டு கேட்டது?”

“இதுல போட்டிருக்கீங்களே.”

எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டாள். அவர் விரல் வைத்துக் காட்டினார். விரல் நின்ற இடம் முதல் பக்கத்தின் ஏழாவது வரி. அதற்குக் கீழே படித்தீர்களா என்று கேட்டாள். இல்லை, அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டதே என்றார் தீனதயாளன், மிக இயல்பாக.

இருசம்மாள் தாளை வாங்கி, தானே முதன்முறையாகப் பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்தாள். ‘பொருள்: மெஷின் சம்பந்தமாக’ என்று இருந்தது. அதற்குக் கீழே கடிதம் இப்படித் தொடங்கியது: ‘ஐயா, தாங்கள் சென்ற மார்கழியில் அனுப்பிய பெல்ட் நல்லபடியாக வந்து சேர்ந்து இன்றுவரை நன்றாக ஓடுகிறது. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. மேலும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் நாங்கள் கேட்காமலேயே தாங்கள் அன்போடு அனுப்பி வைத்த பெல்ட்டுகளுக்கும்...’

மலையில் அது வழக்கம். ஒரு வீட்டில் போய் எதையாவது கேட்பதாக இருந்தால், போன தடவை அந்த வீட்டார் கொடுத்ததை முதலில் நினைத்துச் சொல்ல வேண்டும். விதை வாங்கப் போனாலும், கடப்பாரை இரவல் கேட்கப் போனாலும், ‘அன்னிக்கு நீங்க குடுத்த புளி நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தை எடுப்பார்கள். எடுத்தவுடனே கேட்டால் முகத்தில் அடித்ததுபோல் இருக்கும். மெஷின் வந்தபோது அதில் பெல்ட் இல்லாமல் இருந்தது. கம்பெனி உடனே அனுப்பி வைத்தது. கம்பெனி கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. ஆகவே முதல் கடிதம் அந்தப் பெல்ட்டுக்கு நன்றி சொல்லித் தொடங்கியது.

ஷைனி ரசீதுகளைக் கொடுத்துவிட்டு வந்து, நடந்ததைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கடை வைப்பதற்கு முன் அவள் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியின் தபால் பிரிவில் நாலு வருடம் வேலை பார்த்தவள். ஒரு கடிதம் கம்பெனிக்குள் நுழைந்ததும் அதற்கு என்ன ஆகிறது என்று விளக்கமாகச் சொன்னாள்.

காலையில் ஐந்நூறு, அறுநூறு கடிதங்கள் வரும். தபால் பிரிவில் இருப்பவர் ஒவ்வொன்றையும் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, மேல் மூலையில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுவார். பில், பார்ட்ஸ், சர்வீஸ் என்று ஏதாவது ஒன்று. எழுதி அந்தந்தத் தட்டில் போடுவார். ஒரு கடிதத்துக்கு அவருக்குக் கிடைப்பது இருபது விநாடி. அதற்குமேல் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடியாது. பார்ட்ஸ் தட்டில் விழுந்ததை எடுப்பவர் எந்தப் பாகம் என்று மட்டும் தேடுவார். பாகத்தைக் கட்டி அனுப்புவார். கணினியில் முடிந்தது என்று பதிவார். சர்வீஸ் பிரிவு ஆளின் கண்ணில் அந்தக் கடிதம் படவே படாது.

“நானும் அப்படித்தாங்கா. மொத பத்து வரிக்குள்ள ஒரு பாகத்தோட பேரு வந்தா பார்ட்ஸ்னு எழுதிப் போட்டுகினே இருப்பேன். எத்தினி பேருக்கு வேண்டாத வாஷர் போச்சோ.”

இருசம்மாள் பையிலிருந்து மூன்று நகல்களையும் எடுத்து ஜெராக்ஸ் மெஷினின் மூடிமேல் வரிசையாகப் பரப்பினாள். முதல் கடிதத்தில் மெக்கானிக் என்ற சொல் பதினான்காவது வரியில் இருந்தது. இரண்டாவதில் அது இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. மூன்றாவதில் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடந்தது. பெல்ட் என்ற சொல்லை எண்ணினாள். முதல் கடிதத்தில் ஒன்று, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் ஏழு. மூன்றாவதில் ‘தயவுசெய்து பெல்ட் வேண்டாம்’ என்றுகூட இருந்தது, அதுவும் இரண்டு இடத்தில். அவசரமாகப் பார்க்கிற கண் பெல்ட்டில் நிற்கும், வேண்டாம் என்பதில் நிற்காது.

மெஷினைப் போலவே இதுவும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நன்றி சொன்னதால் பெல்ட் வந்தது. பெல்ட் வந்ததால் இன்னும் நீளமாக நன்றி சொன்னார்கள். நன்றி நீள நீள, கேட்கிற விஷயம் கீழே தள்ளப்பட்டது. கம்பெனியில் யாரும் தப்புச் செய்யவில்லை. மலையிலும் யாரும் தப்புச் செய்யவில்லை. இப்படியே விட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டு பெல்ட் வரும் என்று தீனதயாளன் கணக்குப் போட்டார். ரசீது கைக்கு வந்த பிறகும் அவர் போகவில்லை.

நன்றியை எடுத்துவிடலாம் என்றாள் ஷைனி. இருசம்மாள் முடியாது என்றாள். எடுத்தவுடனே கேட்பதற்கு நாங்கள் என்ன கடன் வசூலுக்கா போகிறோம், இந்தக் கடிதத்தில் இருப்பது முப்பத்தொரு பேருடைய மரியாதை என்றாள். உங்கள் மரியாதையைக் கம்பெனியில் யாரும் படிக்கவே இல்லையே என்றாள் ஷைனி. அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா என்றாள் இருசம்மாள். ஷைனி ஒரு ஆதார் அட்டைக்கு நகல் எடுத்தாள். இருசம்மாள் வெளியே போய் டீ வாங்கி வந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே அவளாகத்தான் வழியைக் கண்டுபிடித்தாள்.

“எங்க ஊர்ல மாடு பள்ளத்துல வுழுந்துட்டா, சொல்ல வர்ற ஆளு நல்லா இருக்கீங்களானு கேட்டுகினு நிக்க மாட்டான். மாடு வுழுந்துடுச்சு, கயிறு எடுத்துகினு வானுதான் சொல்லுவான். தூக்கிவுட்ட அப்புறம் ஒக்காந்து எல்லாத்தையும் விசாரிப்பான். அவன யாரும் மரியாத தெரியாதவன்னு சொல்றதில்ல.”

அப்படியானால் இது விதை கேட்கிற கடிதம் இல்லை, மாடு விழுந்த கடிதம். நன்றி இருக்கலாம், கடைசியில் இருக்கலாம். எதற்கு நன்றி என்று பேர் சொல்லாமல் இருக்கலாம். ஷைனி உடனே ஒப்புக்கொண்டு புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

‘ஐயா, எங்கள் மெஷினைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக்கை உடனே அனுப்பி வையுங்கள்’ என்று முதல் வரி வந்தது. சக்கரம் ஆடுவது, நொய்யாவது, முத்திரை கிழியாமல் இருப்பது, உத்தரவாதம் எதுவரை என்பது எல்லாம் அடுத்த மூன்று வரிக்குள் அடங்கின. இருசம்மாளுக்கு மலைப்பாக இருந்தது. இரண்டரைப் பக்கமாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவுதானா?

சரியாக இருக்கிறதா என்று தீனதயாளனிடம் நீட்டினாள். அவர் படித்து, மிகத் தெளிவு என்றார். ஷைனி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இப்போது எல்லாம் தெரியும், அவர் இனிமேல் செல்லாது என்றாள். விஷயம் தெரிந்தவர் படித்தால் தாளில் இல்லாததையும் தன் மனசிலிருந்து எடுத்துப் போட்டுப் படித்துக்கொள்வார். முப்பத்தொரு பேர் கேட்டும் ஒருவருக்குக்கூடக் குறை தெரியாமல் போனது அதனால்தான். விஷயம் தெரியாதவர் ஒருவர் வேண்டும். அவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும்.

வாசலில் கூடை வைத்துப் பூ விற்கும் லட்சுமியம்மாள்தான் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர். கண்ணாடி கொண்டுவரவில்லை, படித்துக் காட்டு, கேட்கிறேன் என்றார். இருசம்மாள் படித்துக் காட்டினாள். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“ஆள அனுப்புவேன். ஆனா எங்க அனுப்பறது? தையல் மெஷின் ரிப்பேரு பண்றவன அனுப்பறதா, மாவு மெஷின் பண்றவன அனுப்பறதா?”

மெஷின் என்றால் ஆலத்திப்பட்டில் ஒரே மெஷின்தான். அதைச் சாமை மெஷின் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அனுப்புநர் இடத்தில் இருந்ததும் குழுவின் பேரும் ‘வெள்ளிமலை வழி’ என்பதும் மட்டும்தான். வழி தெரிந்தவர்களுக்கு அது போதும். கோயம்புத்தூரிலிருந்து கருவிப் பெட்டியோடு வருகிறவன் எங்கே இறங்குவான்? இரண்டையும் சேர்த்தார்கள். சாமை உமி நீக்கும் மெஷின், எண் 2271. கள்ளக்குறிச்சியிலிருந்து காலை ஏழு மணி வெள்ளிமலை பஸ், இறங்க வேண்டிய நிறுத்தம், அங்கே வண்டி ஏற்பாடு செய்யப்போகிற இருசம்மாளின் போன் எண்.

மெஷின் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஷைனி கேட்டாள். மனப்பாடம் என்றாள் இருசம்மாள். மனப்பாடத்தில் இருப்பதைத்தான் சரிபார்க்க வேண்டும் என்றாள் ஷைனி. மெஷின் வந்த அன்று எடுத்த போட்டோ இருசம்மாளின் போனில் இருந்தது. அதில் மெஷினின் தகடு தெளிவாகத் தெரிந்தது. ஷைனி தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள், இருசம்மாள் தகட்டைப் பார்த்தாள். இரண்டு, இரண்டு, ஏழு என்றதும் இருசம்மாள் நிறுத்தச் சொன்னாள். தகட்டில் ஏழு கடைசியில் இருந்தது. 2217. மூன்று கடிதத்திலும் 2271 என்றே போயிருந்தது.

அடுத்ததாக அகப்பட்டவர் பாஸ்போர்ட் அளவு போட்டோவை நகலெடுக்க வந்த ஒரு பஸ் கண்டக்டர். படித்துவிட்டு, ஆளை அனுப்புவேன், ஆனால் எப்போது என்று இல்லையே, பொங்கல் கழித்து அனுப்பினால் போதுமா என்று கேட்டார். உடனே என்று போட்டிருக்கிறோமே என்றாள் இருசம்மாள். உடனே என்று எல்லாரும்தான் போடுகிறார்கள், தேதி போட்டால்தான் அதற்கு அர்த்தம் என்றார் அவர். நிமிடம் பார்த்து விசில் ஊதுகிறவர். ‘உடனே’யை எடுத்துவிட்டு ‘நவம்பர் 15ஆம் தேதிக்குள்’ என்று போட்டார்கள்.

கடைசியாக ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்தார்கள். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். 2217ஆம் எண் சாமை மெஷினைச் சரிசெய்யப் பதினைந்தாம் தேதிக்குள் ஆலத்திப்பட்டுக்கு மெக்கானிக்கை அனுப்புவேன், கிளம்பும்போது இந்த எண்ணுக்குப் போன் செய்யச் சொல்வேன் என்றாள். ஷைனி அச்செடுத்தாள். முக்கால் பக்கம் வந்தது. பொருள் என்ற இடத்தில், ‘2217 எண் சாமை மெஷினைச் சரிசெய்ய மெக்கானிக்கை நவம்பர் 15க்குள் அனுப்பக் கோருதல்’ என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒருவர் எழுந்து போனாலும் வேலை நடந்துவிடும்.

மறுநாள் கொட்டகையில் கூட்டம். தலைவி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இருசம்மாள் கடிதத்தைப் படித்து முடித்தாள். அவ்வளவுதானா, மீதிப் பக்கம் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். வரகுக்கு ஒரு சல்லடையும் இதிலேயே கேட்டுவிடலாம் என்றாள் இன்னொருத்தி. பக்கத்து ஊர்க் குழுவுக்கும் மெஷின் வேண்டுமாம், அதையும் ஒரு வரி போடு என்றாள் மூன்றாமவள். சல்லடை என்று ஒரு சொல் உள்ளே போனால் நமக்குச் சல்லடைதான் வரும் என்றாள் இருசம்மாள். வேண்டுமானால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன், இது மெக்கானிக்குக்கு மட்டும் என்றாள். பிறகு பென்சில், தட்டு, இருபது விநாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கினாள். பெல்ட் எப்படிப் பெல்ட்டைக் கூப்பிட்டது என்று சொன்னபோது கொட்டகையே சிரித்தது.

சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்காமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நன்றி எங்கே என்று கேட்டாள். இருசம்மாள் கடைசி வரியைக் காட்டினாள். ‘இதுவரை தாங்கள் செய்த எல்லா உதவிகளுக்கும் எங்கள் முப்பத்தொரு பேரின் நன்றி.’

“இத்தினூண்டு நன்றியா?”

“மாட்ட மொதல்ல தூக்கலாம்கா. அவரு வந்தா நேர்லயே ஜாஸ்தியா சொல்லிக்கலாம்.”

சின்னப்பொண்ணு கையெழுத்துப் போட்டாள். இருசம்மாள் முத்திரை குத்தி, வெள்ளிமலைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்தாள். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. களத்தில் சாமை குவிந்துகொண்டிருந்தது. கூரியர் வண்டி வெள்ளிமலைக்கு வரும் நாட்களில் அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி வந்தால் குழு முத்திரை கைமாற வேண்டும்.

ஏழாம் நாள் பாறைமேல் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தாள்.

“நான் ஜோஸ்வா பேசறேங்க, மெஷின் கம்பெனி சர்வீஸ்ல இருந்து. 2217 சாமை மெஷின், ஆலத்திப்பட்டு, சரிங்களா? வியாழக்கெழம காலைல ஏழு மணி பஸ்ல வர்றேன்.”

அவன் சொன்னதெல்லாம் கடிதத்தில் இருந்த சொற்கள்தான். இருசம்மாள் சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஜோஸ்வா வந்து இறங்கினான். மேல் சட்டைப்பையில் அவர்கள் கடிதம் மடித்து வைத்திருந்தது. மூலையில் பென்சிலால் ‘சர்வீஸ்’ என்று எழுதியிருந்தது. சக்கரம் ஆடுகிறது என்று எழுதியிருந்ததால் அதற்கான பேரிங்கைக் கையோடு கொண்டுவந்தேன், வெறுமனே ரிப்பேர் என்று எழுதியிருந்தால் பார்த்துவிட்டுப் போய் மறுபடி வர வேண்டியிருந்திருக்கும் என்றான். முத்திரையை அவனே கிழித்து, மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பேரிங்கை எடுத்துக் காட்டினான். புதியதைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, நேராக இருக்கிறதா என்று பல கோணத்தில் பார்த்தான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புது முத்திரை ஒட்டிவிட்டு, சாமையைக் கொட்டச் சொன்னான்.

மெஷின் ஒரே சீராக ஓடியது. அரிசி முழுசு முழுசாக வந்து விழுந்தது. சின்னப்பொண்ணு ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நொய் இல்லை, உமி இல்லை. பிறகு முப்பத்தொரு பேரும் ஜோஸ்வாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்கள். அவன் இரண்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டு, நாலு மணி பஸ்ஸில் போனான்.

அடுத்த கூட்டத்தில் வரகுச் சல்லடைக் கடிதத்தை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, இதென்ன கேள்வி என்பதுபோல் எல்லாரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். அவள் எழுதுவதற்கு முன், தனக்குப் பிறகு யார் எழுதினாலும் உதவட்டும் என்று குழுவின் கடித நோட்டில் முதல் பக்கத்தில் இதைக் குறித்து வைத்தாள்:

‘நமக்கு வேண்டியதை முதல் மூன்று வரியில், தேதியோடு எழுத வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு வேலைதான் கேட்க வேண்டும். எண்ணை மனப்பாடமாக எழுதாமல் தகட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நன்றி கடைசியில். எழுதி முடித்ததும் விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இதைப் படித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். நாம் நினைத்ததையே அவர் சொன்னால் தபாலில் போடலாம். வேறு எதையாவது சொன்னால், கடிதத்தைத் திருத்தி, இன்னொரு புது ஆளிடம் கொடுக்க வேண்டும்.’